பொருநைக் கரையில் ஞாயிற்றுக்கிழமை

1920களின் நடுப்பகுதியில், தாமிரபரணிக் கரையிலுள்ள வண்ணார்பேட்டையில், டி. கே. சிதம்பரநாத முதலியாரின் இல்லத்து முற்றத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நண்பர்கள் கூடினர். வட்டமாக அமைந்த தொட்டிக்கட்டு முற்றம் அது. அதனால் அந்தக் கூட்டத்திற்கு வட்டத்தொட்டி என்ற பெயர் ஏற்பட்டது. தலைவர், செயலாளர், சந்தா, தீர்மானம் என்று எதுவும் அதற்கு இல்லை. ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, அதன் சுவை தீரும்வரை பேசுவதே அங்கு நடந்த வேலை. தமிழ் இலக்கிய அமைப்புகளின் வரலாற்றை எழுதுவோர் யாவரும் வட்டத்தொட்டியைப் போற்றுகின்றனர். கம்பனைப் பற்றி அங்குப் பேசப்பட்டவற்றை நினைவுகூர்கின்றனர். ஆனால் அவர்கள் கூடிய அந்த நாள் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர் குறைவு. அந்த நாள் வானத்திலிருந்து விழுந்ததன்று. அதே ஆற்றின் படுகையில், அதற்கு முன் ஒரு நூற்றாண்டுக் காலமாக, வெவ்வேறு மனிதர்கள் வெவ்வேறு காரணங்களுக்காக அந்த நாளைக் கேட்டிருந்தனர். சிலர் பெற்றனர், சிலர் பெற்றதை இழந்தனர்.

கிழமை என்னும் சொல்லுக்கு உரிமை என்பது பழைய பொருள். ஆறாம் வேற்றுமையின் பொருளை இலக்கண ஆசிரியர் கிழமைப் பொருள் என்றே குறித்தனர். வாரத்தின் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கோளுக்கு உரியது என்ற கருத்தில் அச்சொல் நாளுக்கு ஆகி வந்தது. பாண்டியர் கல்வெட்டுகளில் ஆட்சியாண்டு, திதி, நட்சத்திரம் ஆகியவற்றோடு கிழமையும் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஆகவே ஏழு நாள் கொண்ட வாரம் இந்நாட்டுக்குப் புதிதன்று. ஏழில் ஒரு நாள் எல்லாரும் ஒருங்கே வேலையை நிறுத்துவது என்பதுதான் புதியது. செவ்வாயும் வெள்ளியும் நோன்புக்கு உரியனவாயின. இராகுகாலமும் சூலமும் கிழமை பார்த்துக் கணிக்கப்பட்டன. ஓய்வுக்கென்று ஒரு கிழமை வகுக்கப்படவில்லை.

ஓய்வு வேறு கணக்கில் வந்தது. கார், பிசானம் என்ற இரு பருவங்களை ஒட்டியே இப்பள்ளத்தாக்கின் வாழ்வு நடந்தது. அறுவடை முடிந்து நெல் களம் விட்டு ஏறிய பின் கோயில் கொடை வரும். ஆனியில் நெல்லையப்பர் தேர் ஓடும். ஆனால் இவற்றையும் ஓய்வு என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. இரு பருவமழைகளாலும் நீர் பெறும் ஆறு இது. கன்னடியன், நதியுண்ணி, மருதூர் முதலிய அணைக்கட்டுகளிலிருந்து கால்கள் பிரிந்து வயலை நனைத்துக்கொண்டிருக்கும் வரை, நிலம் உடையவர் இளைப்பாறினாலும் நிலத்தில் உழைத்தவர் இளைப்பாறியதில்லை. வற்றாத ஆறு என்று பாடிய பெருமைக்கு இப்படியும் ஒரு மறுபக்கம் உண்டு. ஆற்றுக்குத் தெற்கே தேரிக்காட்டில் பனையேறிகளின் நிலை இதனினும் கடினம். பதநீர்ப் பருவத்தில் பாளையை நாள்தோறும் சீவியாக வேண்டும். ஒரு நாள் விட்டால் பாளை காய்ந்து ஊறல் நின்றுவிடும். மரத்துக்குக் கிழமை தெரியாது.

இந்நிலையில்தான் ஓய்வுநாள் என்னும் சொல் இங்கு வந்தது. 1820ஆம் ஆண்டு பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் பாதிரியாரும் அவரையடுத்து வந்தோரும் திருநெல்வேலிச் சீமையில் புதிய கிறித்தவக் கிராமங்களை அமைத்தனர். அவ்வூர்களில் ஞாயிறு, கோயில் மணியின் நாளாயிற்று. அதனை வெறும் வழிபாட்டு நாளாக மட்டும் கொண்டால் அதன் முழுப்பொருள் விளங்காது. தெற்கே திருவிதாங்கூரில் கர்னல் மன்றோ ரெசிடெண்டாக இருந்த காலத்தில், கிறித்தவராயினோர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊழியம் செய்ய வேண்டியதில்லை என்று அரசாணை பெறப்பட்டது. ஊழியம் என்பது இங்குச் சேவை என்ற பொருளில் வந்த சொல்லன்று. கூலியின்றிக் கட்டாயமாக வாங்கப்பட்ட வேலையைக் குறித்த சொல். ஏழு நாளும் பிறருக்கு உரியவனாக இருந்த ஒருவனுக்கு ஒரு நாள் தனக்கென்று கிடைத்தது. அந்த ஆணையை நிலவுடைமையாளர் விரும்பவில்லை என்பதையும், அது பல இடங்களில் மீறப்பட்டது என்பதையும் கொண்டே அதன் மதிப்பை அறியலாம்.

அந்த நாள் எந்த நாள் என்பதையும் இப்பகுதி மக்கள் கேள்வியின்றி ஏற்கவில்லை. நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் 1857ஆம் ஆண்டு, சட்டாம்பிள்ளை என்று வழங்கிய அருமைநாயகம், மிஷன் நிர்வாகத்தோடு முரண்பட்டுத் தனிச்சபை ஒன்றை நிறுவினார். கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நூலில் தம் சமூகத்தைப் பற்றி எழுதியவை அவர் மனத்தைப் புண்படுத்தியிருந்தன. அவர் அமைத்த இந்து கிறித்தவச் சபையார் பழைய ஏற்பாட்டு முறைகளைப் பின்பற்றிச் சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டனர். வெள்ளைக்கார குருமாரின் ஞாயிற்றை ஏற்காமல், அவர்களது வேதத்தைக் கொண்டே வேறொரு நாளை நிலைநாட்டிய துணிவு அது. ஓய்வுநாளைக் கொடுப்பவன் யார், கொள்பவன் யார் என்ற வினா அதில் அடங்கியிருந்தது. இச்சிறு சபையின் வரலாறு இன்னும் விரிவாகத் தமிழில் எழுதப்பட வேண்டும்.

அடுத்த வழக்கு வேதத்தை விட்டு ஆலைக்குச் செல்கிறது. 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில், பொருநை மலையிறங்கும் இடத்தில், நீர்விசையைக் கொண்டு நூற்பாலை அமைத்தனர். அப்பத்தாண்டிலேயே தூத்துக்குடியில் கோரல் ஆலையும் எழுந்தது. ஆறு தொடங்கும் இடத்திலும், அது கடலில் கலக்கும் புன்னைக்காயலுக்கு வடக்கேயுள்ள துறைமுகத்திலும் கதிர்கள் சுழன்றன. (தூத்துக்குடி 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது என்பதை இளையோருக்கு நினைவூட்ட வேண்டியுள்ளது.) பருவத்தையும் பொழுதையும் பார்த்து வாழ்ந்தோர் சங்கின் ஒலிக்கு எழுந்து ஓடினர்.

இந்தியாவில் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. அது குழந்தைத் தொழிலாளருக்கு மட்டும் மாதம் நான்கு நாள் விடுமுறை என்றது. பெரியவர்களுக்கும் ஒரு நாள் வேண்டும் என்று பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே இயக்கம் நடத்தினார். மகாத்மா புலேயின் சத்தியசோதக சமாஜத்தைச் சேர்ந்தவர் அவர். 1884இல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை அவர் அளித்தார். ஆறாண்டுகள் சென்றபின், 1890 ஜூன் 10ஆம் நாள், பம்பாய் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினர். மறு ஆண்டு, 1891இல், திருத்தப்பட்ட தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையை நாடு முழுவதற்கும் விதியாக்கியது. ஞாயிறு இல்லையேல் அதனை ஒட்டிய வேறொரு நாள் என்று அதில் ஒரு நெகிழ்ச்சியும் வைத்தது.

அச்சட்டம் வந்து பதினேழு ஆண்டுகள் கழிந்தும், தூத்துக்குடியில் அந்த நாளைக் கேட்டு வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. சட்டப் புத்தகத்தில் இருந்த நாள் தொழிலாளியின் வீட்டுக்கு வந்து சேரவில்லை. 1908 பிப்ரவரி 23ஆம் நாள் வ. உ. சிதம்பரம் பிள்ளை கோரல் ஆலைத் தொழிலாளரிடையே பேசினார். நான்கு நாள் கழித்து, 27ஆம் நாள் வியாழக்கிழமை, வேலைநிறுத்தம் தொடங்கியது. சுப்பிரமணிய சிவா உடன் நின்றார். கூலி உயர்வு, வார விடுமுறை, பிற விடுப்பு வசதிகள் என்பவை கோரிக்கைகள். சுதேசிக் கப்பல் விட்டவர் என்றே வ.உ.சி.யை அறிந்துள்ள தலைமுறைகள், அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காகவும் போராடியவர் என்பதை அறிய வேண்டும். வணிகப் போட்டியில் வெள்ளையனை வெல்ல நினைத்தவர், அதே வெள்ளையனிடம் வேலை செய்தவனின் நேரத்தைப் பற்றியும் சிந்தித்தார். அக்காலத் தலைவர்களில் இவ்விரண்டையும் ஒருசேர எண்ணியோர் மிகச் சிலரே.

வேலைநிறுத்தம் ஒன்பது நாள் நடந்தது. ஊரார் பொருளுதவி செய்தனர். மார்ச் 6ஆம் நாள் வெள்ளிக்கிழமை ஆலையின் தலைமை எழுத்தர் வ.உ.சி.யைச் சந்தித்து, நிர்வாகம் இணங்கும் என்று தெரிவித்தார். வ.உ.சி. தொழிலாளர் ஐம்பது பேரோடு சென்று நிர்வாகிகளைக் கண்டார். கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை ஒப்புக்கொள்ளப்பட்டது. கல்கத்தாவில் அரவிந்தரின் ‘வந்தே மாதரம்’ இதழ் இவ்வெற்றியைப் பாராட்டி எழுதியது.

நாட்காட்டியைப் புரட்டினால் ஒரு செய்தி தெரிகிறது. இணக்கம் ஏற்பட்டபின் வந்த முதல் ஞாயிறு மார்ச் 8ஆம் நாள். அந்த ஒரு நாளைத் தொழிலாளர் எப்படிக் கழித்தனர் என்று எழுதிவைத்தவர் எவருமில்லை. காவல்துறை கூட்டங்களையும் சொற்பொழிவுகளையும் குறித்தது. வீட்டில் உறங்கியவனைக் குறிக்கவில்லை. மறுநாள் திங்கட்கிழமை, விபின் சந்திர பாலரின் விடுதலையைக் கொண்டாடத் திருநெல்வேலியில் ஆற்றங்கரைத் தைப்பூச மண்டபத்தில் கூட்டம் நடந்தது. 12ஆம் நாள் வியாழனன்று வ.உ.சி.யும் சிவாவும் கைது செய்யப்பட்டனர். 13ஆம் நாள் வெள்ளியன்று திருநெல்வேலி கொந்தளித்தது, கடைகள் அடைபட்டன, அரசு அலுவலகங்கள் தீக்கிரையாயின, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். கோரல் ஆலைத் தொழிலாளர், இம்முறை தமக்கென எதுவும் கேளாமல், தம் தலைவரின் கைதைக் கண்டித்து வேலையை நிறுத்தினர். அவ்வாண்டு ஜூலையில் திலகருக்காகப் பம்பாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்வதற்கு நான்கு மாதங்களுக்கு முன் நடந்தது இது. ஆக, வென்ற ஞாயிறுகளில் அமைதியாகக் கழிந்தது ஒன்றே ஒன்று. இரண்டாம் ஞாயிறு, மார்ச் 15ஆம் நாள், அதைப் பெற்றுத் தந்தவர் சிறையில் இருந்தார். ஜூலை 7ஆம் நாள் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது குறைக்கப்பட்டது. செக்கிழுத்த சிறையில் கிழமைகள் எப்படிக் கழிந்தன என்பது வேறு கதை.

இந்நிகழ்ச்சிகளை ஆவணங்களிலிருந்து மீட்டெடுத்து ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதிய ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ என்ற நூலுக்கு 2024ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. நெல்லையின் நினைவில் அந்த மார்ச் மாதம் இப்போதுதான் உரிய இடத்தைப் பெறத் தொடங்கியுள்ளது.

பிற்காலச் சட்டங்களை விரைவாகவே கடந்துவிடலாம். 1922இல் வாரத்துக்கு 60 மணி என்றும், 1934இல் 54 மணி என்றும், 1946இல் 48 மணி என்றும் ஆலைகளின் வேலை நேரம் சுருங்கியது. கடைகளுக்கும் உணவகங்களுக்கும் 1942இல் வார விடுமுறைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது; 1947இல் சென்னை மாகாணக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் வந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இவற்றின் தொகுப்பு எனலாம். ஒவ்வொன்றுக்குப் பின்னும் ஒரு தூத்துக்குடி இருந்திருக்கும்.

இனி வண்ணார்பேட்டை முற்றத்திற்குத் திரும்பலாம். டி.கே.சி. (1882–1954) சட்டம் பயின்றவர். வழக்காடுவதில் நாட்டம் குறைந்தவர். நீதிமன்றமும் கச்சேரியும் பள்ளிக்கூடமும் ஞாயிறன்று மூடியிருந்தமையால் வழக்கறிஞரும் அலுவலரும் ஆசிரியரும் ஒரே நாளில் ஓய்ந்திருக்க முடிந்தது. வட்டத்தொட்டி அந்த வசதியின் மேல் நின்றது. ஆயினும் அந்த நாளை அவர்கள் செலவிட்ட விதம் புதியது. பெரும்பாலும் மேடைப் பேச்சும் கட்சி வாதமும் புலவர் சண்டையுமாக இருந்த தமிழ்க் கூட்டங்களிடையே, நண்பர்கள் வட்டமாக அமர்ந்து ஒரு செய்யுளை ஓசையோடு படித்து, நிறுத்தி, மீண்டும் படித்து மகிழ்வது என்பது ஓய்வை ஒரு கலையாகப் பழகியதற்கு ஒப்பாகும். தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான், எஸ். மகாராஜன் முதலியோரை அவ்வட்டம் உருவாக்கியது. பின்னாளில் ஒருவர் அரசுப் பணியில் உயர்ந்தார். தஞ்சைக் கலைக்கூடம் அவர் முயற்சியில் அமைந்தது. மற்றவர் உயர்நீதிமன்ற நீதிபதியானார். இருவரையும் அவர்கள் வகித்த பதவியால் இன்று எவரும் நினைப்பதில்லை.

பின்னர் டி.கே.சி. குற்றாலத்தில் தங்கியபோது வட்டம் விரிந்தது. கல்கியும் இராஜாஜியும் அங்கு வந்தனர். கம்பனில் இடைச்செருகல் என்று தாம் கருதியவற்றை நீக்கியும் பாடங்களைத் திருத்தியும் அவர் வெளியிட்ட பதிப்பைப் புலவர் பலர் கண்டித்தனர். கண்டித்தவர்கள் பக்கம் நியாயம் மிகுதி என்பதே நடுநிலையாளர் கருத்தாக இருக்கும். ஆனால் நண்பர்களோடு உட்கார்ந்து கேட்டுச் சுவைத்த பாட்டு ஒருவனுக்குச் சொந்தமாகிவிடுகிறது. சொந்தமானதைத் திருத்தக் கை எழுகிறது. கிழமையின் பழைய பொருள் இங்கும் செயல்பட்டது போலும்.

குற்றாலத்து உபசரிப்பைப் பற்றி எழுதாதவர் இல்லை. உப்புமாவும் தோசையும் காப்பியும் நினைவுக் குறிப்புகளில் கவிதையோடு கலந்து மணக்கின்றன. அடுப்பின் முன் நின்றவர்களைப் பற்றி அக்குறிப்புகள் மிகச் சில வரிகளே கூறுகின்றன. இது ஒரு வீட்டின் குறையன்று. அக்காலத்தில் எந்த வீட்டிலும் ஆண்களின் ஞாயிறு பெண்களுக்குக் கூடுதல் வேலை நாளாகவே இருந்தது. எந்த இலக்கிய வட்டமும் தன் பத்தாண்டு வரலாற்றை எழுதும்போது இப்பகுதியை விட்டுவிடுவது வழக்கம்.

பாஸ்கரத் தொண்டைமானின் இளவல் தொ. மு. சி. ரகுநாதன் வேறொரு வழியில் சென்றார். புதுமைப்பித்தனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய அவர், 1953இல் ‘பஞ்சும் பசியும்’ நாவலை வெளியிட்டார். நூல் கிடைக்காமல் தறி நின்றுபோன அம்பாசமுத்திரப் பகுதி நெசவாளரின் கதை அது. தறி நிற்கும் நாளெல்லாம் நெசவாளிக்கு ஓய்வுதான். உண்ண எதுவும் இல்லாத ஓய்வு அது. கூலியோடு கூடிய ஒரு நாள் ஓய்வுக்கும், வேலையின்மை என்னும் நீண்ட ஓய்வுக்கும் உள்ள தொலைவை அந்நாவல் காட்டியது. அண்ணன் வட்டத்தொட்டியிலும் தம்பி தறிமேடையிலுமாக ஒரே குடும்பம் இவ்வரலாற்றின் இரு பக்கங்களையும் எழுதிவைத்தது.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஆற்றோடு கீழே வந்தால் முக்கூடல். அங்கும், ஆலங்குளம், மேலப்பாளையம் பகுதிகளிலும் பல்லாயிரம் பெண்கள் பீடி சுற்றி வாழ்ந்து வருகின்றனர். 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், பீடி சுற்றும் தொழிலகம் ஒவ்வொன்றும் வாரத்தில் ஒரு நாள் முழுமையாக மூடப்பட வேண்டும் என்று விதித்தது. ஆனால் தொழிலகம் எங்கே இருந்தது? திண்ணையிலும் அடுக்களை வாசலிலும் இருந்தது. வீட்டை ஒரு நாள் மூட முடியுமா? கடையில் பீடி வாங்காத நாளிலும், மறுநாள் கட்டுக்கு இலையை நனைத்து வைக்க வேண்டும், வெட்ட வேண்டும். மடியில் தட்டை வைத்துக்கொண்டே பிள்ளையின் பாடத்தைக் கேட்ட தாய்மார் இவ்வூர்களில் எத்தனையோ பேர். குடும்பத்தோடு இருக்கிறார்கள்; ஓய்வாக இல்லை. குடும்பத்தோடு ஓய்வு என்று சொல்லும்போது இவ்விரண்டும் ஒன்றாகிவிட்டதாக எண்ணிக்கொள்வது எளிது.

தென்மாவட்டங்களிலிருந்து பெருநகர்த் துணிக்கடைகளுக்கும் பாத்திரக்கடைகளுக்கும் வேலைக்குச் சென்ற இளைஞரின் நிலை இதற்கு நேர் எதிரானது. குடும்பம் ஊரில், அவர்கள் விடுதியில். பகல் முழுதும் நின்றே விற்ற அவர்கள் உட்கார ஓர் இருக்கை வேண்டும் என்பதைச் சட்டமாக்கவே 2021 வரை ஆயிற்று. அதற்கு இரண்டாண்டு முன், 2019இல், பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் கடைகள் ஆண்டின் எல்லா நாளும் எந்நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழக அரசு அனுமதித்தது. ஒவ்வொருவருக்கும் வாரம் ஒரு நாள் சுழற்சி முறையில் விடுமுறை என்பது நிபந்தனை. கணக்கில் பார்த்தால் ஒருவரும் ஒரு நாளும் இழக்கவில்லை. இழந்தது வேறு. கணவனுக்குச் செவ்வாய், மனைவிக்கு வியாழன், பிள்ளைக்கு ஞாயிறு என்று ஆனபின் மூவருக்கும் ஓய்வு உண்டு. மூவரும் சேர்ந்து உண்ண ஒரு வேளை இல்லை. 1891ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த அந்தச் சிறு நெகிழ்ச்சி இன்று இவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது. கோரல் ஆலைத் தொழிலாளர் வாரத்தில் ஏதோ ஒரு நாளோடு நிற்கவில்லை. அவர்கள் பெற்றது ஞாயிறு. பிள்ளைகளின் பள்ளியும் பக்கத்து வீட்டாரும் உறவினரும் ஓய்ந்திருக்கும் நாள் அது என்பதனால் அப்பெயருக்கு ஒரு மதிப்பு இருந்தது.

2023 ஏப்ரல் 21ஆம் நாள், தொழிற்சாலைகளில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடமளிக்கும் திருத்த மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. வாரத்துக்கு 48 மணி என்பது மாறாது. நான்கு நாள் வேலை, மூன்று நாள் விடுப்பு என்று அதற்குச் சமாதானம் கூறப்பட்டது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மூன்றாம் நாளே அது நிறுத்திவைக்கப்பட்டு, மே முதல் நாள் திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. நூற்றுப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒன்பது நாள் பிடித்தது இம்முறை பத்து நாளில் முடிந்தது.

நெல்லையிலும் பாளையங்கோட்டையிலும் இலக்கியக் கூட்டங்கள் இன்றும் பெரும்பாலும் ஞாயிறு மாலையிலேயே கூடுகின்றன. ஆசிரியர், வங்கி ஊழியர், ஓய்வு பெற்ற அலுவலர், கல்லூரி மாணவர் என்று வருவோரின் பட்டியல் வட்டத்தொட்டிக் காலத்திலிருந்து பெரிதும் மாறவில்லை. பெண்கள் வருகின்றனர் என்பது நல்ல மாற்றம். கூட்டம் தொடங்கும் அந்த ஐந்தரை, ஆறு மணிக்குத்தான் வண்ணார்பேட்டைச் சாலையின் பெரிய கடைகளில் வாடிக்கையாளர் கூட்டம் ஏறத் தொடங்குகிறது.